கடைசி அடியில் ஒரு பெயர்

1974ஆம் ஆண்டு, காளி பூஜை முடிந்து முன்பனி இறங்கத் தொடங்கியிருந்த நாள்களில், ஹிமாங்ஷு சர்க்கேலை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. மின்சார மீட்டர்கள் அந்தப் படிக்கட்டின் அடியில், பகலிலும் இருட்டாக இருக்கும் மூலையில் இருந்தன. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து, டார்ச் விளக்கை அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அதுவரை வந்தவர் இருமிக்கொண்டே வருவார். இவர் பாடிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்குக் கிளம்பிப் படியிறங்கிய நான், “யாரது?” என்று கேட்டேன்.

“மீட்டர், திதிமணி.”

பள்ளி ஆசிரியைகளைத்தான் கங்கைக்கரையில் உள்ள எங்கள் பத்ரேஸ்வரத்தில் அப்படி அழைப்பார்கள். “நான் டீச்சர்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“கையில குடை, தோள்ல பை, குரல்ல பிரம்பு. யாராவது வேற சொல்லணுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் டார்ச்சை இரண்டாவது மீட்டரின் பக்கம் திருப்பினார்.

“கீழ் வீட்டுக்காரங்க ஊர்ல இல்லையா? போன மாசம் புஸ்தகத்துல குறிச்ச எண்ணு அப்படியே நிக்குது.”

“இருக்காங்க. அவரு வேலை பாத்த சணல் மில்லைப் பூட்டி மூணு மாசம் ஆச்சு.”

அவர் சற்று நேரம் அந்த அசையாத எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருட்டுலயே இருக்காங்க” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் பாட்டு மறுபடி தொடங்கியது எனக்குக் கேட்டது.

அவரை ஒரு பெரிய மனிதராக இப்போது பலர் எழுதுகிறார்கள். அவர் பெரிய மனிதர் அல்லர், மீட்டர் கணக்கெடுப்பவர். பரிசாலில் பிறந்து, நாடு பிரிந்தபோது எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லையைக் கடந்து வந்து, ரயில் பாதைக்கு அப்பால் இருந்த அகதிக் குடியிருப்பில் தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. கலைந்துபோன ஒரு நாடகக் குழுவிடம் பழைய ஆர்மோனியம் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் காற்று மட்டும் வரும். ஆகவே அவருடைய மெட்டுகள் எல்லாம் அந்தச் சுரத்தைத் தாண்டிக் குதித்தன. பிற்காலத்தில் அதை அவருடைய தனிப்பாணி என்று பத்திரிகையில் எழுதியபோது, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நாளைக்கு அறுபது வீடுகளுக்குள் அவர் நுழைவார். விருந்தினருக்குக் காட்டும் அறைகளுக்கு அன்று. படிக்கட்டின் அடி, சமையலறைச் சுவர், கொல்லை நடை ஆகியவற்றிற்கு. ஊர் தன் துக்கங்களை ஒளித்துவைக்கும் இடங்களும் அவைதாம். பார்த்தவற்றை மீட்டர்ச் சீட்டுகளின் பின்புறத்தில் பாட்டாக எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மில் வாசலிலும், படகுத்துறையிலும், சந்தையிலும் பாடுவார்.

எங்கள் நாட்டில் பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தம் பெயரை முத்திரையாக வைப்பது பழைய வழக்கம். ஹிமாங்ஷு தம் பெயரை வைப்பதில்லை. அந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ, அவர் பெயரை வைப்பார்.

“துக்கம் யாரோடதோ, கையெழுத்தும் அவங்களோடதா இருக்கணும் திதிமணி. நான் வெறும் எண்ணைக் குறிச்சிட்டு வர்றவன்” என்பார்.

மக்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெள்ளத்தில் கர்ப்பிணி ஒருத்தியை ரிக்ஷாவில் வைத்து மார்பளவு தண்ணீரில் இழுத்துச் சென்ற ஹராதன், தன் பாட்டைக் கேட்ட நாள்முதல் சவாரிக்கு வருகிறவர்களிடம், “ஏறுங்க, பாட்டுல வர்ற ஹராதன் வண்டி” என்று கூவத் தொடங்கினான். ஊரே ‘மாஷி’, அதாவது சித்தி, என்று அழைத்த மீன்காரி க்ஷாந்தமணி நடுச்சந்தையில் அவரை மறித்தாள்.

“ஏன் மீட்டர் பாபு, அந்த ரிக்ஷாக்காரனுக்குப் பாட்டு, எனக்கு இல்லையா? என் துக்கம் என்ன நாறுதா?”

“மாஷி, துக்கம் நாறல. கூடைதான் நாறுது.”

“நாறட்டும். அதையும் சேர்த்துப் பாடு. என் பேரை வச்சா ஒரு கெண்டை தர்றேன். பெரிய கெண்டை!”

இவ்வளவு மகிழ்ச்சியோடு மக்கள் தம் பெயரைக் கொடுத்ததைப் பார்த்துப் பழகிவிட்டோம் என்பதனால்தான், பெயரைக் கொடுக்க விரும்பாதவர்களும் உண்டு என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. இது சமாதானம் அன்று. எங்கே தவறினோம் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் அவர் பாட்டுகளை ஒரு கோடு போட்ட நோட்டில் படியெடுத்து வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை மாலையில் வருவார். என் தந்தையார் நாற்காலியில் இருந்தபடி கேட்பார். நான் தேநீர் கொடுத்துவிட்டு எழுதுவேன். அந்த நோட்டின்மீது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்று முகம் சுடுகிறது.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் பலராம் ஹாஜ்ராவின் குடும்பத்தார். பலராம் சணல் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை செய்தவர். கழுத்தில் துளசிமணி அணிந்த வைணவர். பிறர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே கை கழுவுகிறவர். அவருக்கு மனைவியும், எட்டு வயதில் புதுல் என்னும் மகளும், இரண்டு கைக்குழந்தைகளும் இருந்தனர். மனைவியைச் சந்து முழுவதும் ‘புதுலின் அம்மா’ என்றே அழைத்தது. பிறந்த வீட்டில் அவளுக்கு ‘குக்கி’ என்று பெயராம். எங்களில் எல்லோருக்கும் இப்படித்தான்: வீட்டுக்கும் தெருவுக்கும் ஒரு செல்லப் பெயர், பள்ளிக்கும் சர்க்காருக்கும் வேறொரு முறைப் பெயர். பத்து ஆண்டுகள் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவரின் முறைப் பெயர் மரண அறிவிப்பில்தான் தெரியவரும். புதுலின் அம்மாவின் முறைப் பெயர் எனக்குத் தெரியும். கணவர் மில்லில் இருந்த ஒரு பகலில், ரேஷன் அட்டைக்கான விண்ணப்பத்தை நான்தான் அவளுக்கு நிரப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் திருமணங்கள் நிறைய நடந்தன. அவள் திருமண வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அடுத்த முறை ஹிமாங்ஷு எண்ணெடுக்க வந்தபோது, டார்ச் வெளிச்சத்தில், மீட்டருக்குக் கீழே செய்தித்தாளை விரித்து அதன்மேல் சோறு உலர்த்தியிருப்பதைக் கண்டார். சாப்பிட்டு எழுந்தவர்களின் இலைகளில் மிஞ்சிய சோறு. அதை முந்தானையில் கட்டிக் கொண்டுவந்து, மூன்று முறை கழுவி, வெயில் படாத இடத்தில் மறைவாக உலர்த்தி, மறுநாள் மறுபடி உலையிலிடுவாள். கணவரிடம் ரேஷன் நொய் என்று சொல்லிவந்தாள்.

“மீட்டரை மட்டும் பாருங்க, பாபு” என்று அவள் கதவிடுக்கிலிருந்து சொன்னாளாம். அவர் தலையசைத்தாராம்.

மூன்றாம் நாள் என் மேசைமுன் அமர்ந்து அவர் இதைச் சொன்னார். கையில் ஒரு சீட்டு இருந்தது.

“தலையாட்டிட்டேன் திதிமணி. ஆனா பாட்டு வந்துடுச்சு. இந்த ஒரு பாட்டுல மட்டும் பேர் இல்லாம விட்டுடலாமான்னு பாக்கறேன்.”

நான் பாட்டைப் படித்தேன். அதுவரை அவர் எழுதியவற்றில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. கடைசி அடியில் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“பேர் இல்லேன்னா இது வெறும் புலம்பல்” என்றேன். “மத்தவங்களுக்கெல்லாம் கையெழுத்து உண்டு, இவளுக்கு மட்டும் கிடையாதா?”

“புதுலோட அம்மான்னு போட்டா சந்துக்கே தெரிஞ்சுடுமே.”

“அதைப் போட வேண்டாம். அவ முறைப் பேரு நந்தராணி.”

அவர் அந்தப் பெயரை மெட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அது பிறந்ததே அந்த இடத்திற்காக என்பதுபோல் பொருந்தியது.

“இந்தப் பேரு இங்க யாருக்காவது தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ரேஷன் கார்டுக்குத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழவில்லை. என் நோட்டில் என் கையாலேயே அந்தப் பெயரை எழுதினேன்.

தை மாதம், மில் வாசலில், முதல் தடவையாக அதைப் பாடினார். நானும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போயிருந்தேன். பாட்டின் முடிவு இப்படி வரும்:

மூன்று முறை நான் கழுவினேன், கங்கையே,
நான்காம் முறை நீ கழுவு.
ஊரார் இலையில் மிஞ்சிய சோறு,
என் பிள்ளைக்கு இது புத்தரிசி.
நந்தராணி சொல்கிறாள், கேளுங்கள் ஐயா,
பசித்தவர் வாய்க்கு எச்சில் ஏது?

பாடி முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு ஓர் ஆள் அதே கடைசி இரண்டு அடிகளைத் தனியாகத் தொடங்கினான். அதற்குப் பின் அந்தக் கூட்டம் வீட்டுக்குப் போகவே இல்லை. ஒரு மாதத்திற்குள் அது ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள எல்லா மில் வாசல்களுக்கும் போய்விட்டது. என் பள்ளியில் சிறுமிகள் கயிறாடும்போது பாடினார்கள்.

புதுலும் ஒரு நாள் பள்ளியிலிருந்து அதைப் பாடிக்கொண்டே படிக்கட்டருகே வந்தாள். அவள் தாய் ஓடிவந்து அவள் வாயிலேயே அறைந்தாள். அந்தத் தாய் குழந்தையை அடித்து அதற்குமுன் நான் கண்டதில்லை. மாடியிலிருந்து பார்த்தேன். புதுல் தாயின் சேலையில் மை கொட்டியிருப்பாள், அதற்காக அடி விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

பலராம் அப்போது ஊரில் இல்லை. நெல்லறுக்கும் கூலியாகப் பர்தமானுக்குப் போயிருந்தார். மாசியில் மில் திறக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை திரும்பினார். மறுநாள் காலை ரேஷன் கடையில் பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். வழக்கமாக எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர் அன்று பெயரைப் படித்தார். நானும் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் புதுலின் அம்மா முக்காடிட்டு நின்றாள். அவள் பக்கத்தில் கையில் பையோடு பலராம்.

“நந்தராணி ஹாஜ்ரா! அஞ்சு கார்டு!”

அவள் அசையவில்லை. கடைக்காரர் மறுபடி உரக்கக் கூப்பிட்டார். பலராம் மனைவியின் முழங்கையைத் தட்டினார். “கூப்பிடறாங்க பாரு. காது கேக்கலையா?”

அவள் முன்னால் போனாள். வரிசை முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, இவதானா அது!” என்றாள் ஒருத்தி. “நம்ம புதுலோட அம்மாவா நந்தராணி?”

ஒரு சிரிப்போ ஏளனமோ இல்லை என்பதை எழுதியாக வேண்டும். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வயதான ஒருத்தி அவள் மோவாயைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டாள். “எங்க வீட்டு லக்ஷ்மியே! உன் பாட்டாலதாம்மா மில்லுக் கதவு திறக்குது!” என்று அழுதாள். ஒரு நெசவாளி பலராமின் தோளைத் தட்டினார். எங்கள் பக்கத்தில் அண்ணனைப் பெயரோடு ‘தா’ சேர்த்தும், அண்ணியைப் ‘பௌதி’ என்றும் அழைப்பார்கள்.

“பலராம்தா, சொல்லவே இல்லையே! அது உங்க வீட்டு பௌதியா?”

“எது?” என்றார் பலராம். “என்ன பாட்டு?”

“அட, இவருக்குத் தெரியாதாம்! அறுப்புக்குப் போயிருந்தாரு, பாவம். டேய், பாடுங்கடா இவருக்கு!”

அவர்கள் பாடினார்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, அன்போடு, கைகளைத் தட்டி, அவர் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். எந்த மாதம், எங்கே உலர்த்தியது, எத்தனை முறை கழுவியது, யார் உண்டது என்பதெல்லாம் பாட்டில் இருந்தது. பலராமின் வலக்கை துளசிமணியைத் தொட்டு, நெருப்பைத் தொட்டதுபோல் விலகியது. பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்து போனார். நான் என் அட்டையை வாங்காமலே வீட்டிற்குத் திரும்பினேன்.

அவர் மனைவியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மணிமாலையைக் கழற்றிச் சமையலறைப் பலகையில் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் சோறு உண்ணவில்லை. கடையில் பொரி வாங்கிவந்து, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து தின்பார். பதினோர் ஆண்டுகள், அவர் இறக்கும்வரை, அப்படியே. அவள் நாள்தோறும் அவருக்கும் சேர்த்தே சமைத்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை அவள் மாடிக்கு வந்தாள். ஹிமாங்ஷுவும் இருந்தார். தந்தையார் உறங்கிக்கொண்டிருந்தார். அவள் கதவருகிலேயே நின்றாள்.

“மீட்டர் பாபு, என் பேரை எடுத்துடுங்க.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “பௌதி, நான்...”

“பாட்டை எடுக்கச் சொல்லல. பாட்டு நல்லாத்தான் இருக்கு. பேரை மட்டும் எடுத்துடுங்க. பிள்ளைங்க பசிச்சுதுன்னு செஞ்சேன், அதுக்காக நான் அழல. அவரு தெரியாம தின்னாரு பாருங்க, அதைத்தான் ஊரே பாடுது.” பிறகு கேட்டாள்: “என் பேரை உங்களுக்கு யார் சொன்னது?”

அறையில் நாங்கள் மூவர் இருந்தோம். நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. எனக்கு வாய் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது என்பதை இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன். நிறைய நேரம் இருந்தது.

“மீட்டர் புஸ்தகத்துல இருந்துது, பௌதி” என்றார் ஹிமாங்ஷு.

மீட்டர்ப் புத்தகத்தில் வீட்டுக்காரரான என் தந்தையாரின் பெயர் மட்டுமே இருக்கும். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். “சரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று நான் கேட்டேன். அதையாவது கேட்டேன்.

“நீங்க இங்கயே இருக்கணும் திதிமணி, தினமும் அவங்க மூஞ்சில முழிச்சுக்கிட்டு. நான் சைக்கிள்ல வந்துட்டுப் போறவன்.”

அவருடைய எஞ்சிய வாழ்க்கை அந்தப் பெயரைத் திரும்ப எடுப்பதற்கான வாழ்க்கை என்றே நான் கருதுகிறேன். அதற்குப் பின்னும் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் கட்டினார். அவற்றில் எந்தப் பெயரையும் வைக்கவில்லை. தம் பெயரையும் வைக்கவில்லை. க்ஷாந்தமணி கெண்டையோடு வீட்டுக்கே வந்து சண்டையிட்டும் அவர் இணங்கவில்லை. ‘நந்தராணி’யை எந்த மேடையிலும் பாட மறுத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது மறுபடி அவள் வீட்டு வாசலைத்தான் காட்டும். தன்னடக்கம் என்றார்கள் சிலர். மில் முதலாளியிடம் விலைபோய்விட்டார் என்றார்கள் சிலர். இரண்டையும் பொறுத்துக்கொண்டார்.

1979இல் கங்கைக்கரை மைதானத்தில் ஒரு பெரிய கூட்டம். ‘நந்தராணி’யைப் பாடாமல் மக்கள் விடவில்லை. அவர் நெடுநேரம் ஆர்மோனியத்தின்மேல் தலை குனிந்திருந்துவிட்டுப் பாடத் தொடங்கினார். நான் முன் வரிசையில் இருந்தேன். கடைசி அடி வந்தது. “ஹிமாங்ஷு சொல்கிறான், கேளுங்கள் ஐயா” என்று பாடினார். பழைய வழக்கப்படி, பாட்டுக் கட்டியவனின் பெயர். எச்சில் சோறு தின்றவன் நானே என்று அத்தனை பேர் முன்னாலும் ஏற்றுக்கொண்டார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, பாவம், பாடி நாளாகிவிட்டது, அடி மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, ஆயிரக்கணக்கான குரல்களில் அன்போடு திருத்தியது: “நந்தராணி! நந்தராணி!”

அவர் இன்னொரு முறை தம் பெயரைச் சொன்னார். அவர்கள் இன்னும் உரக்கத் திருத்தினார்கள். எங்கள் வீடு அந்த மைதானத்திலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளித்தான் இருக்கிறது. அவர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனார். அவர் முகத்தை அன்று பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதன்பின் எந்த மேடையிலும் அவர் ஏறவில்லை.

வேறு வட்டத்திற்கு மாற்றிக்கொள்ள அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓய்வுபெறும்வரை மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் கேட்கும் பாட்டு எங்கள் வாசலில் சைக்கிள் நிற்கும்போது நின்றுவிடும். மணி ஒலி கேட்டதும் கீழ் வீட்டுக் கதவு சாத்தப்படும். அவர் டார்ச்சை அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்து, “வர்றேன் பௌதி” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு மாதமும் பதில் வந்ததில்லை. புதுல் செவிலியாகி, மணம் செய்துகொண்டபோது, அழைப்பிதழில் தாயின் பெயரை ‘ஸ்ரீமதி என். ஹாஜ்ரா’ என்று அச்சிட்டார்கள். அந்த அச்சுப்படியைச் சரிபார்க்க என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன்.

நானோ அதே மாடியில் இருந்தேன். அவளும் அதே கீழ் வீட்டில் இருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவாள். என் தந்தையார் காலமானபோது ஈமத்துக்கு வேண்டியவற்றை அவளே எடுத்துவைத்தாள். நாள்தோறும் ஒரு தடவையேனும், சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று நினைப்பேன்.

2003ஆம் ஆண்டு பனிக்காலத்தில் ஹிமாங்ஷுவின் நுரையீரல் கெட்டுவிட்டது. தகரக் கூரை வீட்டில் கட்டிலோடு கிடந்தார். ஒரு பிற்பகல் நான் ஆரஞ்சுப் பழங்களோடு போயிருந்தபோது, கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் கித்தாரோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, “ஹிமாங்ஷுதா, உங்க பாட்டு” என்று சொல்லி அதையே பாடினார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எண்ணி அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவர்களில் ஒரு பெண் என்னிடம் தாழ்ந்த குரலில், “அவரைக் கடைசியாக் கொண்டுபோகும்போதும் வழி முழுக்க இதைப் பாடிட்டே போகணும்னு முடிவு செஞ்சிருக்கோம், திதிமணி” என்றாள்.

நான் நேராக வீட்டுக்கு வந்தேன். மாடிக்கு ஏறவில்லை. கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“புதுலோட அம்மா, உங்க பேரை அவருக்குச் சொன்னது நான்தான்.”

அவள் கை நிற்கவில்லை.

“தெரியும் திதிமணி. அந்த ரேஷன் ஃபாரத்தை நிரப்பினது நீங்கதானே. வேற யாருக்கு அந்தப் பேரு தெரியும்?”

“தெரிஞ்சுமா... அப்ப ஏன் கேக்கவே இல்ல?”

“கேட்டேனே, அன்னிக்கு மாடியில.” ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறமும் பாத்தேன். படிச்சவங்க, உங்களுக்கு வார்த்தையா கிடைக்காது?”

அவள் எனக்கு ஒரு மணையை நகர்த்திப் போட்டாள். பிறகு, “அந்த மனுஷன் மூச்சு விடச் சிரமப்படறாராமே?” என்று கேட்டாள். ஆம் என்றேன். அதற்குமேல் அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அதை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹிமாங்ஷுவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இளைப்புக்கு நடுவே சிரித்தார்.

“பதினாறு படி, திதிமணி. இறங்க இருபத்தொன்பது வருஷம் ஆயிருக்கு உங்களுக்கு.”

“ஆமாம்” என்றேன்.

“பரவாயில்ல. எனக்கு இன்னும் இறங்கி முடியல.”

நோட்டைக் கொண்டுவரட்டுமா, பெயரை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் தலையை மெல்ல அசைத்து வேண்டாம் என்றார். நோட்டில் அடித்தால் ஊர் வாயில் அடித்ததாகாது என்பது இருவருக்கும் தெரியும். மாணவர்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது. சுடுகாட்டுக்குப் போகும் நேர்வழி எங்கள் சந்து. எங்கள் வாசலைத் தாண்டித்தான் எல்லாப் பிணங்களும் ஆற்றுக்குப் போகின்றன.

அவர் என் புடைவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

“பசங்க பாடாம இருக்க மாட்டாங்க. அவங்களைத் தடுக்காதீங்க, பாவம். உங்க சந்து வழியா மட்டும் என்னை எடுத்துட்டுப் போக வேண்டாம், திதிமணி. ஸ்டேஷன் ரோடு சுத்திப் போகச் சொல்லுங்க.”